அமாவாசைக்கு லீவு இல்லை

அவனியாபுரம், மதுரை
20-1-1985

முத்திருளனுக்கு அக்கா பாண்டியம்மாள் எழுதுவது.

சுகமா என்று கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சண்டை.

போன வருஷம் மாசிச் சிவராத்திரிக்கு வருகிறேன் என்று எழுதினாய். அதற்கு முந்தின வருஷமும் எழுதினாய். இரண்டு தடவையும் அன்னக்கொடிக்குப் புதுப்பாவாடை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, பஸ் வந்து நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு பஸ் வந்தது. உன்னைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள்.

பிள்ளைக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. இன்னும் மூளிக் காதோடு திரிகிறாள். நம் வகையறாவில் கூடப்பிறந்த தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு யார் மடியிலும் வைத்துக் காது குத்த மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். பெரியப்பா மகன் பேயாண்டி அண்ணனைக் கேட்டுப் பார்த்தேன். "ஏத்தா, அவன் கல்லு மாதிரி இருக்கையில நான் மடி குடுத்தா நாளைக்கு அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்று சொல்லிவிட்டார்.

உன் மச்சான் காளை ஏற்றிய லாரியோடு போனவர் போனவர்தான். திருப்பூரில் வேறு ஒருத்தியோடு குடித்தனம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் அவர் வகையறாக் கோயிலுக்குப் போகாமல் நம் அய்யா கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். புருஷனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை என்றால் என்னை என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா?

நான் கப்பலூரில் அழகுமலை அண்ணன் பட்டறையில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். சைக்கிள் பெல்லுக்கும் ஹேண்டில்பாருக்கும் நிக்கல் முலாம் போடுகிறோம். ஆசிட் புகையில் மூக்கு எரிகிறது, மற்றபடி குறையில்லை.

இந்த வருஷம் சிவராத்திரி பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை. சர்க்காரே லீவு விடுகிற நாள். இனி என்ன சாக்கு சொல்வாய் பார்க்கிறேன்.

நீ சுகமா?

அக்கா


ஜவ்வாது மலை
1-2-1985

அக்காவுக்கு,

சுகம். ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சாக்கு இல்லை அக்கா. சிவராத்திரி எந்தக் கிழமையில் வந்தாலும் அமாவாசைக்கு முந்தின நாள்தான் வரும். அதுதான் என் தலைவிதி. நிலா இருந்தால் என் வேலை நடக்காது. மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஐந்தாறு நாள்தான் தொலைநோக்கி என் கைக்கு வரும். அதிலும் ஆனியிலிருந்து கார்த்திகை வரைக்கும் மலை முழுக்க மேகம். தை, மாசி, பங்குனி, இந்த மூன்று அமாவாசையை விட்டால் எனக்கு ஒரு வருஷமே போய்விடும். அலுவலகத்தில் கேட்டேன். "எந்த நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அமாவாசைக்கு மட்டும் லீவு கேட்காதே, உன் இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்" என்றார்கள்.

அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்பாய். சொல்கிறேன்.

நட்சத்திரத்துக்கும் வயசாகும். வயசானால் உப்பிப் பெரிதாகிச் சிவந்துவிடும். சூரியனைப் போல நூறு மடங்கு அகலம். அந்தக் கிழட்டு நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் புதுப்புதுப் பொருள்கள் உண்டாகின்றன. பருப்புப் பானை கொதிக்கும்போது அடியில் கிடப்பது மேலே வருமில்லையா, அப்படி உள்ளே உண்டானது கொஞ்சம் கொஞ்சமாக மேல்புறத்துக்கு வந்து சேரும். பிறந்தபோது மேலே இருந்த சரக்கு வேறு, கிழமான பிறகு இருக்கிற சரக்கு வேறு. அதன் வெளிச்சத்தைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் படமாக எடுத்தால் எது எது மேலே இருக்கிறது என்று கோடு கோடாகத் தெரியும்.

நான் தேடுவது டெக்னீசியம் என்று ஒன்று. அது நிலைக்காத பொருள். இரண்டு லட்சம் வருஷத்தில் பாதி அழிந்துவிடும். உனக்கு அது பெரிய காலம், நட்சத்திரத்துக்கு அது நேற்று. ஆகவே ஒரு நட்சத்திரத்தின் மேல் டெக்னீசியம் இருந்தால், அது பிறக்கும்போது கொண்டுவந்தது அல்ல, சமீபத்தில் உள்ளேயே செய்தது என்று அடித்துச் சொல்லலாம். அதன் கோடுகள் ஊதா பக்கம் இருக்கின்றன. சிவப்பு நட்சத்திரத்தில் ஊதா வெளிச்சம் மிகக் குறைவு. கொஞ்சம் நிலா வெளிச்சம் கலந்தாலும் எல்லாம் பாழ்.

அடுத்த வருஷம் நிச்சயம் வாரேன். பிள்ளையிடம் சொல்.

முத்து


அவனியாபுரம்
3-3-1985

முத்துவுக்கு,

போனோம். காது குத்தாமல் திரும்பி வந்தோம். மூன்றாவது தடவை.

இந்தத் தடவை பிள்ளையே பேச ஆரம்பித்துவிட்டாள். பேயாண்டி அண்ணன் பெண்டாட்டி எல்லார் முன்னாலும், "என்னத்தா அன்னக்கொடி, ஒம் மாமன் ராசா எங்க?" என்று கேட்டாள். பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க மாமா நச்சத்திரத்துக்கு வகுத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறாரு" என்றது. சிரித்தார்கள் பார், கோயிலே அதிர்ந்தது. "அம்புட்டுத் தூரம் பாக்குறவருக்கு மருதையில இருக்குற அக்கா ஒருத்தி கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்றாள் அவள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

போகட்டும். உன் கடிதத்தைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம்.

தினமும் நூறு பெல் மூடி என் கையில் வருகிறது. எல்லாம் இரும்பு. தொட்டியில் முக்கி எடுத்தால் மேலே நிக்கல். பார்க்கிறவனுக்கு அந்த மூடியே நிக்கல் என்றுதான் தோன்றும். உள்ளே ஒரு துளி நிக்கல் கிடையாது. நீ நட்சத்திரத்தின் மேலே தெரிவதை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் உள்ளேயிருந்து வந்தது என்கிறாய். அது முலாமா, உள்ளிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்? வேறு எவனாவது பூசிவிட்டுப் போயிருந்தால்?

படிக்காதவள் கேட்கிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடு.

அக்கா


ஜவ்வாது மலை
14-4-1985

அக்காவுக்கு,

நீ படிக்காதவளா? உன் கேள்வியை அப்படியே, என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற சாரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு எழுந்துபோய் இரண்டு கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தார். உலகத்தில் இரண்டொருவர் இதே சந்தேகத்தை இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். "எந்தக் காலேஜில் படித்தார்கள் உன் அக்கா?" என்று கேட்டார். "எட்டாவதோடு நிறுத்தினார்கள், என்னைப் படிக்க வைப்பதற்காக" என்றேன்.

என் பட்டியலில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. உள்ளே செய்ய வேண்டிய கனமான பொருள்கள் எல்லாம் அதன் மேலே ஏராளமாக இருக்கின்றன. ஆனால் டெக்னீசியம் கோடு மட்டும் கண்ணில் படவில்லை. தட்டு சரியாக விழவில்லை என்று இதுவரை நினைத்திருந்தேன். நீ சொல்கிற முலாம்தான் என்றால், பூசியது யார்? பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் இருக்க வேண்டும். இருந்தால் இந்த நட்சத்திரம் அதோடு சேர்ந்து சுற்றும், முன்னும் பின்னும் அசையும். அதைத் தெரிந்துகொள்ள அதையே வருஷா வருஷம் படமெடுக்க வேண்டும்.

இங்கே இப்போது ஆள் குறைவு. பகலெல்லாம் தூங்கிவிட்டு எழுந்தால் பேச ஒருத்தரும் இல்லை. மெஸ்ஸில் சமைக்கிற சுருளி நம் பக்கத்து ஆள். அவன் வாயில் "வாரேன், போறேன்" கேட்பதற்காகவே இரண்டாவது தடவை காபி வாங்கப் போகிறேன். நேற்று அவனும் ஊருக்குப் போய்விட்டான். இன்றைக்கு முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கடிதம்தான் பேச்சு.

பிள்ளையின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கி வைக்கிறேன்.

முத்து


அவனியாபுரம்
12-1-1986

முத்துவுக்கு,

கால் அளவு உள்ளே இருக்கிறது. போன சித்திரையில் கேட்டாய், நான்தான் அனுப்பவில்லை. வந்து அளந்துகொள்ளட்டும் என்று வீம்பு.

ஆனியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மூளிக் காதோடு அனுப்ப மாட்டேன். இந்த மாசிதான் கடைசி. இதற்கும் நீ வரவில்லை என்றால் எனக்குத் தம்பி இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. அலுத்துப்போய் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் வால் நட்சத்திரம் வரப்போகிறது என்று பேசுகிறார்கள். அழகுமலை அண்ணன், "ஒந் தம்பிகிட்டக் கேளு, ஊருக்குக் கெடுதலா?" என்கிறார். ஊருக்கு என்ன வந்தால் என்ன, நீ வா.

அக்கா


ஜவ்வாது மலை
26-2-1986

அக்காவுக்கு,

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நாலு தாளைக் கிழித்துவிட்டேன். வர முடியவில்லை. வால் நட்சத்திரத்துக்காகத் தொலைநோக்கியை மற்றவர்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது மாசி அமாவாசையில் மூன்றே நாள். அந்த நட்சத்திரத்தின் மூன்றாம் வருஷத் தட்டு இப்போது எடுக்காவிட்டால் முதல் இரண்டும் வீண்.

ஆனால் இந்தத் தடவை வெறுங்கையோடு சமாதானம் சொல்லவில்லை. ஒரு வழி செய்திருக்கிறேன். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது பெரியப்பா பேத்திக்குக் காது குத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பிள்ளையின் மாமன் வீரணன் பட்டாளத்தில் இருந்ததால் வர முடியவில்லை. அவர் கட்டிய வேட்டியைப் பலகையில் மடித்துப் போட்டு, அதன் மேல் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வர முடியாத மாமனுக்கு அப்படி ஒரு முறை இருப்பது இத்தனை நாள் எனக்கு நினைவுக்கு வராமல் போனதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதனால் நான் கட்டித் துவைத்த வேட்டி ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேரும். பூசாரியிடம் கொடுத்தால் போதும், அவருக்குத் தெரியும். என் மடி என்று நினைத்துக்கொண்டு பிள்ளையை உட்கார வை. அழுதாள் என்றால் எனக்குக் கட்டாயம் எழுது.

முத்து


அவனியாபுரம்
20-3-1986

முத்துவுக்கு,

பார்சல் வந்தது. காது குத்தியாயிற்று. பிள்ளை அழவில்லை.

பாண்டியம்மாள்


ஜவ்வாது மலை
18-11-1986

அக்காவுக்கு,

மார்ச்சில் நீ எழுதிய கார்டுக்குப் பிறகு நாலு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பட்டறையில் வேலை அதிகமா, உடம்புக்கு ஏதாவதா? இரண்டு வரியாவது போடு.

உன்னிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத் தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து முடித்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. முலாம்தான்!

டெக்னீசியம் துளிகூட இல்லை. மூன்றாம் தட்டு அருமையாக விழுந்திருந்தது, அதிலும் இல்லை. கோடுகள் ஒரு வருஷம் இந்தப் பக்கமும் ஒரு வருஷம் அந்தப் பக்கமும் நகர்ந்திருக்கின்றன. பக்கத்தில் ஒன்று இருக்கிறது அக்கா, கண்ணுக்குத் தெரியாமல். அதுதான் முதலில் வயசாகி, உள்ளே செய்ததையெல்லாம் இதன் மேல் கொட்டிவிட்டு, சுண்டிச் சின்னதாகிவிட்டது. கொட்டிப் பல லட்சம் வருஷம் ஆகியிருக்க வேண்டும், டெக்னீசியம் அத்தனையும் அழிந்து மற்றவை மட்டும் நிற்கின்றன. சார் கைகொடுத்தார். கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயர் போடலாம் என்று அவரே சொன்னார். "மதுரை பாண்டியம்மாள்" என்று இங்கிலீஷில் அச்சாகப்போகிறது.

இன்னொன்று. வருகிற சிவராத்திரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அமாவாசையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். நேராகக் கோயிலுக்கே வந்துவிடுகிறேன். காது குத்தியது போனால் என்ன, எல்லார் முன்னாலும் பிள்ளையை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். செருப்பும் பாவாடைத் துணியும் வாங்கி வைத்திருக்கிறேன். செருப்பு இப்போது பத்தாது என்று நினைக்கிறேன்.

முத்து


அவனியாபுரம்
8-2-1987

முத்துவுக்கு,

கோயிலுக்கு வராதே. இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்த உடனே லீவை ரத்து செய். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்தேன்.

பார்சல் வந்த அன்றைக்குத்தான் நாங்கள் கோயிலுக்குக் கிளம்பினோம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் சீர் அனுப்பியிருக்கிறாய் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரிக்கவே இல்லை. எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும், பேயாண்டி அண்ணன் பெண்டாட்டி பார்க்க வேண்டும் என்று அப்படியே இடுக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில்கூட யாரிடமும் கொடுக்கவில்லை. கோயிலில் தாம்பாளத்தில் வைத்து, "எந் தம்பி சீரு அனுப்பிருக்கான்" என்று சத்தமாகச் சொல்லித்தான் பிரித்தேன். உள்ளே துவைத்து மடித்த உன் வேட்டி.

முத்து, வீரணன் மாமா பட்டாளத்தில் இருந்ததால் வராமல் இல்லை. அவர் சண்டையில் செத்துப்போய்விட்டார். சின்னப் பிள்ளைகள் பயப்படும் என்று உங்களிடம் மட்டும் பட்டாளத்தில் இருக்கிறார் என்று சொன்னார்கள். பத்து வயசிலேயே விடுதிக்குப் போன உனக்கு அதற்குப் பிறகும் யாரும் சொல்லவில்லை. நம் வகையறாவில், கட்டிய வேட்டியைப் பலகையில் போடுவது செத்த மாமனுக்குத்தான்.

பூசாரிதான் முதலில், "ஏத்தா, எப்ப நடந்துச்சு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலையே" என்றார். உயிரோடுதான் இருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவன் நாலு வருஷமாக ஏன் வரவில்லை? வேட்டியை அனுப்பித் தலைமுழுகிவிட்டானா? தம்பி செத்தான் என்றால் எனக்காக அழுவார்கள், தம்பி வேண்டாமென்று விட்டுவிட்டான் என்றால் சிரிப்பார்கள். அதற்கு முந்தின வருஷச் சிரிப்பு என் காதில் இன்னும் இருந்தது.

"மலையில காய்ச்ச வந்து போயிட்டான். அங்கயே எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றேன். என் வாயால் சொன்னேன் முத்து.

பேயாண்டி அண்ணன் பெண்டாட்டிதான் முதலில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்தது இல்லை. நானும் அழுதேன், நிஜமாகவே அழுதேன். பேயாண்டி அண்ணன் உனக்காக மொட்டை போட்டுக்கொண்டார். பிள்ளையை உன் வேட்டியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அவள் ஏன் அழவில்லை தெரியுமா? எல்லாரும் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். உன் கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது. அதைப் படித்து நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால் அவள் ஒன்றாம் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள். பேயாண்டி அண்ணன் மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அவர் தலைமயிர் இப்போதுதான் வளர்ந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து நான் எப்படி மாற்றிச் சொல்வது?

நீ என்னைத் திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. ஆனால் உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சிவராத்திரி முடிந்து இரண்டு நாள் கழித்து அவனியாபுரத்துக்கு வா. இங்கே நம் ஆட்கள் யாரும் கிடையாது. வீட்டுக்காரர்களிடமும் பிள்ளையிடமும், பட்டறைக்கு வெளியூரிலிருந்து வந்த சார், எனக்கு வேலை விஷயமாகப் பேச வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். நீயும் அவள் எதிரில் என்னை அக்கா என்று கூப்பிட்டுவிடாதே. ஒரு வேளை சோறு சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அக்கா பாண்டியம்மாள்


ஜவ்வாது மலை
14-2-1987

அக்காவுக்கு,

உன்னைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. நான் அனுப்பிய வேட்டி சொன்னதைத்தான் நீ எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய்.

மார்ச் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குள் வாரேன். பேன்ட், சட்டை போட்டு, கையில் ஒரு பையோடு வாரேன். உன்னை அம்மா என்று கூப்பிடுகிறேன், பட்டறையில் அப்படித்தானே கூப்பிடுவார்கள்?

ஒன்று மட்டும் தெரியவில்லை. பாவாடைத் துணி மாமன் எடுப்பது, அதைக் கொண்டுவர முடியாது. வேலை விஷயமாகப் பேச வருகிற சார் ஒருத்தர், வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு என்ன வாங்கிக்கொண்டு வருவார்? பிஸ்கட் பொட்டலம் போதுமா? உடனே பதில் போடு.

முத்து